கிளாட் லாஜிக்கல் ரீசனிங்: கடலூர், பாண்டி பக்கம் எழுதியவர்கள் விடைகளை இங்கே ஒப்பிடலாம்

கெடிலக்கரை (ஞாயிறு, இரவு 8.10)

கிளாட், அதாவது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத்தேர்வு, எழுதிவிட்டு வந்த எல்லோருக்கும் வணக்கம். வாட்ஸ்அப் குழுவில் நாலரை மணியிலிருந்து "எனக்கு ஆ, உனக்கு என்ன" என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. யார் எந்தக் கேள்வியைச் சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை. அதனால்தான் லாஜிக்கல், அதாவது தர்க்கப் பகுதிக்கு மட்டும் தனியாக இந்த இழை.

தயவுசெய்து கேள்வி எண் போடாதீர்கள், செட் மாறினால் எண்ணும் மாறிவிடும், எதைப் பற்றிய பத்தி என்று சொல்லுங்கள். ஓஎம்ஆர் தாளின் (வட்டம் நிரப்பும் விடைத்தாள்) கார்பன் நகல் எல்லோர் கையிலும் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் விடையைச் சொல்ல வேண்டும், "ஆ போட்ட ஞாபகம்" என்பது வேண்டாம். சிலருக்கு நகலில் வட்டம் மங்கலாக விழுந்திருக்கும், காலையில் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

அதைவிட முக்கியம், வெறும் எழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் விடை ஏன் சரி என்பதோடு மற்ற மூன்றும் ஏன் ஆகாது என்றும் எழுதுங்கள். பத்துப் பேர் ஆ என்று சொன்னார்கள் என்பதற்காக ஆ சரியாகிவிடாது. போன வருடம் என் சித்தி மகள் தேர்வு எழுதிவிட்டு வந்த இரவு குழுவில் முக்கால்வாசிப் பேர் சொன்ன விடையைப் பார்த்துச் சாப்பிடாமல் படுத்தாள், கடைசியில் அவள் போட்டதுதான் சரி. அந்த மாதிரி இங்கே யாரும் ஒரு ராத்திரியை வீணாக்க வேண்டாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. பத்தி ஒவ்வொன்றும் பக்கம் நீளம், ஆங்கிலத்தில் இருக்கிறது, முழுக்க யாரும் தட்டச்சு செய்ய முடியாது. அதனால் வாதத்தின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு நம்ம ஊர் விஷயத்தைப் போட்டு எழுதலாம். விடை மாறாது, எல்லோருக்கும் புரியும். முதலில் நான் ஒன்று போடுகிறேன், கடற்கரைப் பத்தி.

ஒரு கரையோர நகரத்தில் துறைமுகம் கட்டினார்கள், கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் நீட்டினார்கள். அதன் பிறகு ஊரின் மணல் கடற்கரை காணாமல் போயிற்று. ஆகவே மணல் போனதற்குத் துறைமுகமே காரணம். இந்த வாதத்தை அதிகம் பலவீனப்படுத்துவது எது?

அ) அதே காலத்தில் துறைமுகம் இல்லாத வேறு சில ஊர்களிலும் கடற்கரை குறுகியது.
ஆ) துறைமுகத்தால் மீனவர்களின் வருமானம் கூடியது.
இ) துறைமுக வேலை தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அந்தக் கடற்கரை அதே வேகத்தில் குறுகி வந்தது.
ஈ) கரையில் பாறைகளைக் கொட்டிய பிறகு அரிப்பு நின்றது.

லாஸ்பேட்டை_நிலா (8.31)

அண்ணா, நான் அ. துறைமுகமே இல்லாத ஊரிலும் மணல் போகிறது என்றால் வேறு ஏதோ காரணம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆ வாதத்துக்குச் சம்பந்தமே இல்லை. ஈ அரிப்பை எப்படி நிறுத்தினார்கள் என்று சொல்கிறது, எதனால் வந்தது என்று சொல்லவில்லை. அ, இ இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டேன், அந்த ஒரு கேள்விக்கே நிறைய நேரம் போய்விட்டது.

சோலைநகர்_பையன் (8.40)

நானும் அ. இ எப்படி வரும்? எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், துறைமுகம் வருவதற்கு முன்னால் இங்கே மணல் பரந்து கிடந்தது, வலை காயப்போடவும் பிள்ளைகள் கபடி ஆடவும் இடம் இருந்தது, இப்போது கட்டுமரத்தை ஏற்றி வைக்கவே இடம் தேட வேண்டியிருக்கிறது. முன்பிருந்தே குறுகி வந்தது என்பது பொய். பொய்யான ஒன்றை எப்படி விடையாக எடுப்பது?

கெடிலக்கரை (9.05)

தம்பி, நீ சொல்வது பாண்டி விஷயத்தில் நூற்றுக்கு நூறு உண்மை. நம்ம கிழக்குக் கரையில் மணல் வருடம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்ச காலம் திசை மாறும், ஆனால் மிச்ச மாதங்களின் அலை அதை மிஞ்சிவிடும். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர் வந்ததும் அந்த மணல் தெற்குப் பக்கமே தேங்கிவிட்டது, வடக்கே இருக்கும் ஊர்களுக்கு வந்துகொண்டிருந்த மணல் நின்றுபோனது. காந்தி சிலை எதிரே கருங்கல்லாகக் கிடப்பது அதனால்தான். அங்கே கல் போட்டதும் அரிப்பு இன்னும் வடக்கே தள்ளிப் போய் உங்கள் குப்பங்களைப் பிடித்தது. பிற்பாடு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்ட பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்பி வந்தது.

ஆனால் கேள்வி எது உண்மை என்று கேட்கவில்லை. கேள்வித்தாளை எடுத்துப் பார், "கீழ்க்கண்டவற்றில் எது உண்மையானால்" என்றுதான் இருக்கும். நான்கையும் உண்மை என்று வைத்துக்கொண்டு, எது வாதத்தின் காலை வாரிவிடுகிறது என்று பார்க்க வேண்டும். உன் ஊரைப் பற்றி உனக்குத் தெரிந்தது பெரிய விஷயம், அதை எந்தத் தேர்வுக்காகவும் மறக்க வேண்டாம், இந்த இரண்டு மணி நேரம் மட்டும் ஓரமாக வைத்துவிட்டுப் பத்திக்குள் இரு.

இப்போது அ-வைப் பார்ப்போம். "வேறு சில ஊர்கள்." அந்த ஊர்களில் மணல் போனதற்கு அவற்றுக்கென்று தனிக் காரணம் இருக்கலாம், ஆற்றில் மணல் அள்ளியிருக்கலாம், கரையில் வேறு ஏதாவது கட்டியிருக்கலாம். பக்கத்துத் தெருவில் ஒருவருக்குக் காய்ச்சல் கொசுவால் வந்தது என்பதால் உனக்கு வந்த காய்ச்சல் மழையில் நனைந்ததால் இல்லை என்று ஆகாது. அ சின்னதாக ஒரு சந்தேகத்தைக் கிளப்புகிறது, அவ்வளவுதான். இ அப்படியில்லை. அதே கடற்கரை, துறைமுகம் வருவதற்கு முன்பே குறுகிக்கொண்டிருந்தது, அதே வேகத்தில். அப்படியானால் துறைமுகம் வந்து புதிதாக எதுவும் நடக்கவில்லை. காரணத்துக்கு முன்னாலேயே விளைவு வந்து நிற்கிறது. இதற்கு மேல் ஒரு காரண வாதத்தை அடிக்க முடியாது.

தாழங்குடா_தம்பி (9.20)

நான் இ. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் அண்ணா, "அதே வேகத்தில்" என்ற சொல் இல்லாவிட்டால் இ-யும் அசைந்துவிடும். முன்பே மெதுவாகக் குறைந்துகொண்டிருந்ததைத் துறைமுகம் வந்து வேகப்படுத்தியது என்று வாதம் தப்பித்துவிடும். நான் அந்தச் சொல்லைப் பார்த்த பிறகுதான் வட்டத்தை நிரப்பினேன்.

கெடிலக்கரை (9.24)

அருமை. இதைத்தான் எதிர்பார்த்தேன். நிலா, நீ நேரம் போனது என்று சொன்னாயே, இரண்டு விடைக்கு நடுவில் நிற்கும்போது பத்தியைத் திரும்பப் படிக்காதே. இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்து எந்தச் சொல் கூடுதலாக இருக்கிறது என்று பார், பெரும்பாலும் அங்கேதான் முடிச்சு.

முந்திரிக்காடு (10.02)

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து. எனக்கு ஒரு கேள்வியில் மனசே ஆறவில்லை, இழப்பீட்டைப் பற்றிய பத்தி. நம்ம ஊர் மாதிரி மாற்றிப் போடுகிறேன்.

புயலில் முந்திரி மரங்களை இழந்த விவசாயிகளுக்கு ஒரே தவணையில் இழப்பீடு கொடுத்துவிட்டு நிறுத்துவது போதாது. புதிதாக நடும் கன்று நல்ல காய்ப்புக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். எனவே அதுவரை ஆண்டுதோறும் அவர்களுக்கு உதவித்தொகை தர வேண்டும். இந்த வாதம் எதை அனுமானித்துக்கொண்டு நிற்கிறது?

அ) கன்று காய்க்கும் வரை, முந்திரி வருமானத்தை ஈடுகட்டும் அளவுக்கு வேறு வருமானம் அவர்களுக்குக் கிடைக்காது.
ஆ) அந்த மாவட்டத்தில் முந்திரியே முக்கியப் பயிர்.
இ) மரம் இழந்த எல்லா விவசாயிகளும் மறுபடி முந்திரியே நடுவார்கள்.
ஈ) ஆண்டுதோறும் உதவித்தொகை தர அரசிடம் போதிய நிதி இருக்கிறது.

நான் ஈ. பணமே இல்லாத இடத்தில் "தர வேண்டும்" என்று சொல்லி என்ன பிரயோசனம்? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது எங்கள் பக்கத்தில் முந்திரியும் பலாவும் படுத்துவிட்டன, தாத்தா காலத்து மரங்கள். நான் அப்போது சின்னப் பையன், ஆனால் வீட்டில் இன்றும் அந்தப் பேச்சுத்தான். இழப்பீடு என்றாலே முதல் கேள்வி, அரசு கொடுக்குமா, கொடுக்க முடியுமா. அதை எப்படி விட்டுவிட முடியும்?

வில்லியனூர்_ரயில் (10.15)

நான் இ போட்டேன். முந்திரி நடவே போவதில்லை என்றால் காய்ப்புக்கு வரும் வரை கொடு என்ற பேச்சே கிடையாது. அதனால் மறுபடி முந்திரி நடுவார்கள் என்பது அனுமானம்தானே?

லாஸ்பேட்டை_நிலா (10.22)

இதில் நான் அ. எங்கள் சார் சொல்லிக்கொடுத்த வழி, விடையைத் தலைகீழாக்கிப் பார்ப்பது. தலைகீழாக்கியதும் வாதம் விழுந்தால் அதுதான் அனுமானம், விழாவிட்டால் இல்லை. இ-யைத் தலைகீழாக்கினால் "எல்லா விவசாயிகளும் நடமாட்டார்கள்" என்று ஆகாது, "சிலர் நடமாட்டார்கள்" என்றுதான் ஆகும். நடாத அந்தச் சிலரை விட்டுவிடுவோம், நடுகிறவர்களுக்கு வாதம் அப்படியே நிற்கிறது. அதனால் இ போச்சு. அ-வைத் தலைகீழாக்கினால், "காத்திருக்கும் காலத்தில் அவர்களுக்கு முந்திரி அளவுக்கு வேறு வருமானம் கிடைக்கும்." அப்புறம் எதற்கு ஆண்டுதோறும் உதவி? வாதம் விழுந்துவிட்டது.

ஆ-வும் இதே மாதிரிதான். முந்திரி முக்கியப் பயிராக இல்லாவிட்டாலும், மரம் இழந்தவருக்கு இழப்பு இழப்புத்தான்.

வில்லியனூர்_ரயில் (10.27)

"எல்லா" என்ற சொல் இருந்தாலே உஷாராக இருக்கச் சொல்லுவார்கள், சரி, இ ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். ஈ-யை எப்படித் தள்ளுவது? அதைத் தலைகீழாக்கினாலும், "அரசிடம் நிதி இல்லை", வாதம் ஆட்டம் காண்கிறதே?

கெடிலக்கரை (10.50)

நல்ல கேள்வி, இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பத்தியின் முடிவு என்ன? "தர வேண்டும்." ஏன் தர வேண்டும்? காய்க்க வருடம் ஆகும் என்பதால். அதாவது தேவையிலிருந்து கடமைக்குப் போகிறது வாதம். அந்தப் பாதையில் அரசின் கஜானா வரவே இல்லை. நிதி இல்லை என்றால் திட்டம் நடக்காமல் போகலாம், ஆனால் கொடுத்திருக்க வேண்டியது என்ற வாதம் பொய்யாகாது. கடன் வாங்கியவனிடம் பணம் இல்லை என்பதால் கடனைத் திருப்ப வேண்டும் என்பது இல்லாமல் போகுமா? அந்த வாதியின் வாயில் ஒரு வார்த்தையை நாம் திணிக்கக் கூடாது. பத்தி "இந்தத் திட்டம் வெற்றி பெறும்", "அரசால் இதை நிறைவேற்ற முடியும்" என்று முடிந்திருந்தால் ஈ தான் விடை. கடைசி வரியின் வினைச்சொல் எதுவோ அதைப் பொறுத்துத்தான் அனுமானம்.

முந்திரிக்காடு, உனக்கு ஒன்று கேட்கிறேன். தானே புயலுக்குப் பிறகு உங்கள் நிலத்தில் கன்று நட்டு, அது வளரும் வரை நடுவில் என்ன போட்டீர்கள்?

முந்திரிக்காடு (10.58)

மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டோம் அண்ணா. சில பேர் மரவள்ளி வைத்தார்கள். ஒட்டுக் கன்று மூணாவது வருஷமே பூ எடுக்கும், ஆனால் அதை நம்பிக் குடும்பம் ஓட்ட முடியாது, நல்ல மகசூலுக்கு இன்னும் நாள் ஆகும். மல்லாட்டையில் விதை, ஆள்கூலி, களை எடுப்பு எல்லாம் போக கையில் பெரிசாக ஒன்றும் நிற்காது. முந்திரிக் காசு வேறு, அது ஒரு முறை நட்டுவிட்டால் வருஷா வருஷம் கையில் வரும்.

இதை எழுதும்போதே புரிகிறது, அ இதைத்தான் சொல்கிறது. ஊடுபயிர் இருக்கிறது, ஆனால் ஈடுகட்டும் அளவுக்கு இல்லை. ஆனாலும் ஈ-யை அவ்வளவு சுலபமாக விட முடியவில்லை, விடைக்குறிப்பு வரட்டும், பார்ப்போம்.

தாழங்குடா_தம்பி (11.10)

சின்னக் கேள்வி ஒன்று, சட்டென்று முடித்துவிடலாம். தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மே மாதம் ஒருவர் தன் படகில் கடலுக்குப் போனார், விதியை மீறவில்லை. மே முழுக்கத் தடைக்காலத்துக்குள் வருகிறது. இதிலிருந்து எது கட்டாயம் உண்மை? ஆ) அவர் படகு கட்டுமரம். இ) அவர் படகு விசைப்படகு அல்ல.

நம்ம பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, விசைப்படகுகளுக்கு மட்டும். நாட்டுப்படகு போகும், மோட்டார் மாட்டிய ஃபைபர் படகும் போகும். அதனால் எனக்கு ஆ விழவே விழாது, கட்டுமரம் இல்லாமல் எத்தனையோ வகைப் படகு இருக்கிறது. ஆனால் ஒரிஜினல் பத்தியில் நிறையப் பேர் ஆ போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

லாஸ்பேட்டை_நிலா (11.14)

இ தான். "அதுவல்ல" என்பதிலிருந்து "இதுதான்" என்று போக முடியாது, இரண்டே இரண்டு வகைதான் உண்டு என்று பத்தி சொல்லியிருந்தால் ஒழிய.

வில்லியனூர்_ரயில் (11.30)

வரிசைப்படுத்தும் கேள்வி யாருக்கு எப்படி வந்தது? 2020-லிருந்து கிளாட்டில் லாஜிக்கல் முழுக்கப் பத்தி வழியாகத்தான் என்று நம்பி, பழைய புத்தகத்தில் இருந்த புதிர்களை நான் தொடவே இல்லை. மாதிரி ஒன்று போடுகிறேன், கடலூர் பேருந்து நிலையம்.

பாண்டி, விழுப்புரம், சிதம்பரம், பண்ருட்டி, நெய்வேலி என்று ஐந்து பஸ், ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன. சிதம்பரம் பஸ் போனதும் அடுத்தது பண்ருட்டி. பாண்டி பஸ் முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை. விழுப்புரம் பஸ் பாண்டி பஸ்ஸுக்கு முன்னால் போகும். நெய்வேலியும் பண்ருட்டியும் அடுத்தடுத்து இல்லை. பண்ருட்டி பஸ் கடைசி இல்லை என்றால் எது கட்டாயம் உண்மை?

அ) விழுப்புரம் முதலில். ஆ) பாண்டி நான்காவது. இ) சிதம்பரம் முதலில். ஈ) விழுப்புரம் மூன்றாவது.

நான் அ. விழுப்புரம், சிதம்பரம், பண்ருட்டி, பாண்டி, நெய்வேலி. எல்லா நிபந்தனையும் பொருந்துகிறது.

தாழங்குடா_தம்பி (11.41)

பொருந்துகிறது, ஆனால் சிதம்பரம், பண்ருட்டி, விழுப்புரம், பாண்டி, நெய்வேலி என்று வைத்தாலும் பொருந்துகிறதே? அதில் விழுப்புரம் முதலில் இல்லை. ஒரு வரிசை கிடைத்ததும் நிறுத்திவிட்டால் "இருக்கலாம்" என்றுதான் தெரியும், "கட்டாயம்" தெரியாது.

கடைசி இடத்திலிருந்து வந்தால் சுலபம். கடைசியில் சிதம்பரம் நிற்காது, அதற்குப் பின்னால் பண்ருட்டி வர வேண்டும். விழுப்புரம் நிற்காது, அதற்குப் பின்னால் பாண்டி. பாண்டி கூடாது என்று சொல்லியே விட்டார்கள். பண்ருட்டி இல்லை என்று கேள்வியே சொல்கிறது. மிச்சம் நெய்வேலி. அப்புறம் நான்காவது இடம்: பண்ருட்டி வந்தால் நெய்வேலிக்கு அடுத்து ஆகிவிடும், சிதம்பரம் வந்தால் பண்ருட்டிக்கு இடம் இல்லை, விழுப்புரம் வந்தால் பாண்டிக்கு இடம் இல்லை. பாண்டிதான். விடை ஆ.

கெடிலக்கரை (11.46)

ஆ. இதில் பேச வேறு ஒன்றும் இல்லை. தூங்குங்கள், மிச்சம் நாளைக்கு.

நெய்வேலி_அம்மா (திங்கள், காலை 7.20)

வணக்கம் தம்பி. என் மகள் நேற்று எழுதினாள், இந்த இழையைப் படித்துவிட்டுக் கேட்கிறேன். நெகட்டிவ் மார்க்குக்குப் பயந்து லாஜிக்கலில் சில கேள்விகளை விட்டுவிட்டாளாம், இரண்டு விடை வரை வந்துவிட்டு நிறுத்திவிட்டேன் என்கிறாள். ராத்திரியெல்லாம் புலம்பல். அது அவ்வளவு பெரிய இழப்பா? இவள் அப்பா வேறு, திருச்சி கிடைக்காவிட்டால் சட்டமே வேண்டாம் என்கிறார்.

கெடிலக்கரை (7.55)

அம்மா, வணக்கம். சரியான விடைக்கு 1, தப்புக்கு கால் மதிப்பெண் கழிவு. இரண்டு விடை வரை குறைத்துவிட்டவர், கண்ணை மூடிக்கொண்டு அதில் ஒன்றைப் போட்டாலும், சராசரியாகக் கேள்விக்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலே லாபம்தான், 0.375. எதுவுமே தெரியாமல் நாலில் ஒன்றைப் போட்டாலும் கணக்கு கொஞ்சம் நம் பக்கம் சாய்கிறது, 0.0625. ஆகவே அடுத்த தேர்வுகளில் இரண்டு வரை வந்தால் போட்டுவிடச் சொல்லுங்கள். ஆனால் நேற்று விட்டது சில கேள்விகள் என்றால் மொத்தம் ஒன்றிரண்டு மதிப்பெண் சமாசாரம், 120 கேள்வித் தேர்வில் அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். முதலில் மற்ற பகுதிகளைச் சரிபார்க்கட்டும், பொது அறிவிலும் சட்டப் பகுதியிலும் இதைவிட அதிகக் கேள்விகள் இருக்கின்றன.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். நான் திருச்சி தேசிய சட்டப் பல்கலையில்தான் படிக்கிறேன், நல்ல இடம், ஆனால் அது ஒன்றுதான் வழி என்றில்லை. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வைத்து அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் சேர்க்கிறது, நுழைவுத்தேர்வே கிடையாது. கட்டணமும் ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. கடலூர் கோர்ட்டிலும் பாண்டி கோர்ட்டிலும் நான் பார்த்து வியந்த வக்கீல்களில் பாதிப் பேர் அப்படிப் படித்தவர்கள். அந்த விண்ணப்பம் வரும்போது தவறாமல் போடச் சொல்லுங்கள்.

நெய்வேலி_அம்மா (8.03)

ரொம்ப நன்றி தம்பி. இதை அப்படியே அவரிடம் காட்டுகிறேன்.

முந்திரிக்காடு (புதன், மாலை 6.15)

தற்காலிக விடைக்குறிப்பு வந்துவிட்டது. கடற்கரை இ, படகு இ, பஸ் ஆ, எல்லாம் நாம் பேசியபடி. இழப்பீட்டுப் பத்திக்கு அ. நான் ஆட்சேபணை போடலாம் என்று இருக்கிறேன். ஒரு கேள்விக்கு 1000 ரூபாய், நம் பக்கம் நியாயம் என்று ஏற்றுக்கொண்டால் திருப்பித் தருவார்கள். ஈ-யும் சரியென்று வாதாட முடியும் என்றுதான் இன்னமும் தோன்றுகிறது. கோர்ட்டுக்குப் போய் விடையை மாற்றியவர்கள் இருக்கிறார்களே?

முத்தியால்பேட்டை_வக்கீல் (6.50)

தம்பி, நான் இந்தத் தேர்வு எழுதிய தலைமுறை இல்லை, ஆனால் கோர்ட்டு விஷயம் என்பதால் சொல்கிறேன். நீங்கள் சொல்வது உண்மை, 2024 டிசம்பர் 1 அன்று நடந்த கிளாட் இளநிலைத் தேர்வில் டெல்லி உயர் நீதிமன்றம் அதே மாதம் 20-ம் தேதி இரண்டு கேள்விகளில் தலையிட்டது, அதற்குப் பிறகும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 மே மாதம்வரை இழுத்தது. மாணவர்கள் அத்தனை மாதம் முடிவு தெரியாமல் காத்திருந்தார்கள்.

ஆனால் நீதிமன்றம் எப்போது தலையிடும் என்பதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. 1983-ல் கான்பூர் பல்கலைக்கழகம் எதிர் சமீர் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் எல்லாத் தேர்வு வழக்கிலும் எடுத்துக்காட்டப்படுகிறது. விடைக்குறிப்பு சரி என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். தப்பு என்றால் பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும், அந்தத் துறையில் விவரம் தெரிந்த யாரும் அந்த விடையைச் சரியென்று ஏற்கமாட்டார்கள் என்ற அளவுக்கு. நீட்டி நீட்டி வாதம் செய்து தப்பு என்று நிறுவுவது அங்கே எடுபடாது. 2017-ல் ரண் விஜய் சிங் வழக்கிலும் சந்தேகம் இருந்தால் அது தேர்வு நடத்துகிறவர் பக்கம்தான் சாயும், மாணவர் பக்கம் சாயாது என்று சொன்னார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வாருங்கள். உங்கள் நிலை "ஈ-யும் சரி" என்பது. விடைக்குறிப்பைத் தப்பென்று காட்ட அது போதாது. "அ தப்பு" என்று இரண்டே வரியில் காட்ட முடியுமா? அப்படிக் காட்ட முடிந்தால் ஆட்சேபணை போடுங்கள், 1000 ரூபாய் தகும்.

முந்திரிக்காடு (7.20)

அ தப்பு என்று சொல்ல முடியாது சார். அதைத்தான் எங்கள் நிலத்தை வைத்து நானே எழுதிவிட்டேன்.

முத்தியால்பேட்டை_வக்கீல் (7.26)

அப்படியானால் அந்தப் பணத்தைக் கவுன்சிலிங் செலவுக்கு வையுங்கள். நீங்கள் ஈ-க்காக வாதாடிய விதம் நன்றாக இருந்தது, நடைமுறையில் எந்த இழப்பீட்டு வழக்கிலும் அரசு வக்கீல் முதலில் எடுப்பது நிதி இல்லை என்ற வாதத்தைத்தான். அதற்குப் பதில் சொல்ல நாளைக்கு நீங்கள் அங்கே நிற்க வேண்டியிருக்கும்.

லாஸ்பேட்டை_நிலா (7.40)

சார், எனக்கு லாஜிக்கலில் இல்லை, கணக்குப் பகுதியில் ஒரு கேள்வியில் அட்டவணையில் உள்ள எண்ணை வைத்துப் போட்டால் கொடுத்த நான்கு விடைகளில் எதுவுமே வரவில்லை. மூன்று பேர் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தோம், மூன்று பேருக்கும் ஒரே எண் வருகிறது. அது ஆட்சேபணைக்குத் தகுமா?

முத்தியால்பேட்டை_வக்கீல் (7.48)

தகும் அம்மா. அட்டவணையின் எண்கள், கூட்டல், வரும் விடை, அவ்வளவுதான் எழுதுங்கள். உணர்ச்சி, கோபம், "எத்தனை மாணவர்களின் எதிர்காலம்" என்பதெல்லாம் வேண்டாம், படிக்கிறவருக்குக் கணக்கு மட்டும் போதும். நேரம் குறைவு, கடைசி நிமிடத்தில் இணையதளம் இழுக்கும், இன்றிரவே போட்டுவிடுங்கள்.

கெடிலக்கரை (8.05)

நிலா, போடுவதற்கு முன்னால் அந்த அட்டவணையை இங்கே ஏற்றிவிடு, இன்னும் இரண்டு பேர் போட்டுப் பார்க்கட்டும். தாழங்குடா, நீயும் பார். 1000 ரூபாயை மூன்று பேரும் பங்கு போட்டுக்கொள்ளலாம், யாராவது ஒருவர் பெயரில் போனால் போதும், விடை மாறினால் எல்லோருக்கும்தான் மாறும்.

தாழங்குடா_தம்பி (8.11)

பார்க்கிறேன் அண்ணா. என் பங்கை இப்போதே நிலாவுக்கு ஜிபே பண்ணுகிறேன். எனக்கு அந்தக் கேள்வி வேறு எண்ணில் இருக்கிறது, செட் எழுத்தையும் சேர்த்துப் போடு நிலா, ஆட்சேபணையில் எண் தப்பாகிவிடக் கூடாது.